இடதுகை டூபா

பாரமான எதையும் தூக்குவதற்கு முன்னால் உதயரூபன் இரண்டு உதடுகளையும் ஒட்டிவைத்து நடுங்கவிடுவார். தண்ணீர் குடித்து முடித்த மாடு மூச்சு விடுகிற மாதிரி 'ப்ர்ர்ர்' என்று ஒரு சத்தம் வரும். நெல் மூட்டைக்கு முன்னால், கிணற்று வாளிக்கு முன்னால், ஆஸ்பத்திரியில் மூத்த மகளை முதல்முதல் கையில் வாங்குவதற்கு முன்னாலும்கூட. கல்யாணமான புதிதில் வதனி அதை அலுப்பு என்று நினைத்தாள். தேற்றாத்தீவு ஊர்ப் பாண்டில் டூபா ஊதுகிறவர் அவர், அது உதட்டைப் பதப்படுத்துகிற பழக்கம் என்று பிறகுதான் விளங்கியது.

பாண்டில் யாரும் டூபா என்று சொல்வதில்லை, பேஸ் என்பார்கள். மலைப்பாம்பு ஒன்று ஆளைச் சுற்றிக்கொண்டு தலைக்கு மேலே வாயைப் பிளந்த மாதிரி இருக்கும் பித்தளை வாத்தியம். தேர் வரும்போது சனமெல்லாம் முன்வரிசை ட்ரம்பெட்காரர்களைப் பார்க்கும். வதனி கடைசி வரிசையைப் பார்ப்பாள். பேஸின் சத்தம் அவளுக்குக் காதில் விழுமுன் காலில் ஏறும். செருப்பைக் கழற்றிவிட்டு மணலில் நிற்பாள். கட்டின மனிசனின் வயிற்றுக்குள் இருக்கிற காற்று தெருவையே அதிரவைக்கிறது என்பது எத்தனை திருவிழா பார்த்தும் அவளுக்குப் பழகவில்லை.

அவர் றைஸ்மில்லில் எஞ்சின் பார்த்தார். அவள் வீட்டு வளவில் பீப்பாய் வைத்து நெல் அவித்தாள். குடும்பம் அப்படித்தான் ஓடியது. ஒரு மாரிகாலத்தில் ஈரச் சட்டையோடு எஞ்சின் பெல்ட்டுக்குக் கிட்டக் குனிந்தார். பெல்ட் சட்டைக் கையை இழுத்தது. வலது கையில் பெருவிரல் மட்டும் மிஞ்சியது.

டூபாவின் வால்வுகளை அமத்துவது வலது கை விரல்கள். இடது கைக்குத் தாங்குகிற வேலை மட்டும்தான். காயம் ஆறியதும் உதயரூபன் பேஸைப் பாண்டிலேயே இருக்கிற சதீசனிடம் கொடுத்துவிட்டார். மில்லுக்குத் திரும்பிப் போனார். இடது கையால் சாப்பிடவும் எஞ்சினைத் திருகவும், தோளில் மூட்டை ஏற்றவும் பழகினார். ஆள் தேறிவிட்டது என்று ஊரில் எல்லோரும் சொன்னார்கள். ஆனால் மூட்டைக்கு முன்னால் அந்தச் சத்தம் வரவில்லை. பாண்ட் போகிற நாட்களில் வயல்வட்டைக்குப் போய், பொழுதுபட்ட பிறகுதான் வீட்டுக்கு வந்தார். இனி ஊதவே மாட்டாரென்றால் பாதி மனிசனோடுதான் மிச்சக் காலத்தை ஓட்ட வேண்டும் என்று வதனிக்கு நெஞ்சுக்குள் பயம் பிடித்தது.

வதனி இடையிலே பள்ளிக்கூடத்தை விட்டவள். பஸ்ஸில் இறங்குகிற இடத்தைக் கொண்டக்டரிடம் சத்தமாகச் சொல்லவே கூச்சப்படுவாள். அப்படிப்பட்டவள் ஒருவருக்கும் சொல்லாமல் காத்தான்குடிக்குப் போய் ஹமீட்டின் பட்டறை வாசலில் நின்றாள். ஹமீட் லொறி றேடியேற்றர்களுக்கு ஈயம் வைத்து ஒட்டுகிறவர். மில் எஞ்சின் திருத்த வந்து போனவர், பாண்டின் ட்ரம்பெட்டுகள் ஒழுகினாலும் அவரிடம்தான் போகும். அவள் வந்த விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் வாங்கிக் கொடுத்த தேத்தண்ணி ஆறிவிட்டது. இடது கையால் அமத்துகிற மாதிரி ஒரு பேஸ், புதிதாக, செய்யலாமா என்று கேட்டாள்.

ஹமீட் தலையைச் சொறிந்தார்.

"தங்கச்சி, நான் குழாய்க்குள்ள தண்ணி ஓட வெச்சுப் பழகினவன். காத்து தண்ணிய விடக் கள்ளன். ஊசிக் கண் இருந்தாப் போதும், களவாப் போயிருவான்."

"அப்ப ஏலாதா காக்கா?" அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரிக் கேட்டாள்.

"ஏலாதெண்டு நான் சொல்லல்லியே. ஆளக் கூட்டிட்டு வாங்க. சட்டை தைக்கிறதுக்கே ஆள் வேணும்."

அந்த ஆளைக் கூட்டிவருவதுதான் பெரும் பாடாகிவிட்டது. முதலில் சிரித்தார், பிறகு கோபப்பட்டார். பிறகு பேசாமல் விட்டார். கடைசியில் ஒருநாள் அவள் காலையில் உடுத்துக்கொண்டு வாசல் படலையில் போய் நின்றாள். அவர் எவ்வளவு நேரம் போக்குக் காட்டியும் அவள் உள்ளே வரவில்லை. வெயில் ஏறியதும் அவரே சட்டையை மாட்டிக்கொண்டு பின்னால் வந்தார்.

ஹமீட் பழைய இரும்புக் கடையில் ஒரு டூபாவின் பிரேதத்தைக் கண்டுபிடித்து வைத்திருந்தார். குழாயெல்லாம் நசுங்கிப் போயிருந்தது, உயிர் இருந்தது மூன்று வால்வுக்கும் அகன்ற வாய்க்கும்தான். அதை வைத்துக்கொண்டு மற்றதெல்லாம் புதிதாக வளைத்து, இடம் வலம் மாற்றி அமைப்பது அவருடைய எண்ணம். உதயரூபனைப் பெட்டிமேல் இருத்தி, தடித்த கம்பி ஒன்றை அவருடைய நெஞ்சுக்கும் மடிக்கும் சேர்த்து வளைத்து அளவெடுத்தார். வலது முன்கை தங்குவதற்கு ஒரு தகட்டுத் தொட்டில் வேண்டும் என்று அந்தக் கையைத் தொட்டுப் பார்த்தார். வெட்டுப்பட்ட நாளிலிருந்து உதயரூபன் யாரையும் அந்தக் கையைத் தொட விட்டதில்லை. அன்று விட்டார். முகத்தை மட்டும் றோட்டுப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

குழாய் வளைத்த நாளில் வதனியும் போயிருந்தாள். வெறும் குழாயை வளைத்தால் நசுங்கும். உள்ளே எதையாவது உருக்கி ஊற்றி நிரப்பி, இறுகிய பிறகு வளைத்து, திரும்ப உருக்கி எடுக்க வேண்டும். அதற்குக் குங்கிலியப் பிசின் வேண்டும் என்று ஹமீட் சொல்லியிருந்தார். வதனியின் அண்ணன் இராசதுரை வாவிக்கரையில் பலகை இடுக்கு அடைத்துத் தோணி திருத்துகிறவர். குங்கிலியம் காய்ச்சிக் கொடுப்பது தன் பொறுப்பு என்று ஒரு தகரம் நிறைய அனுப்பியிருந்தார்.

ஹமீட் குழாயைச் சிவக்கக் காய்ச்சி ஆறவிட்டார். குங்கிலியத்தை ஊற்றி இறுகவைத்தார். பிறகு பாலைமரக் கட்டையைச் சுற்றி, மெல்ல மெல்ல, தன் உடம்பின் பாரம் முழுவதையும் கொடுத்து இழுத்தார். பித்தளை முனகியது. ஒரு சுருக்கம் விழாமல், ஒரு பள்ளம் விழாமல், விலாங்கு மீன் திரும்புகிற மாதிரி திரும்பியது. வதனி மூச்சு விட மறந்து நின்றாள். பித்தளைக்குள் இப்படியொரு பணிவு இருக்கிறது என்று குடத்தையும் குத்துவிளக்கையும் தினம் துலக்கியவளுக்கு அதுவரை தெரியாது. பக்கத்தில் உதயரூபனும் பார்த்துக்கொண்டு நின்றார். அவருடைய இடது கை விரல்கள் தொடையில் மெதுவாக எழும்பி எழும்பி அமர்ந்தன. அதை அவர் அறியவில்லை. வதனி பார்த்தாள்.

வேலை முடிந்து, ஈயம் வைத்து ஒட்டி, மினுக்கி வைத்த நாளில் பட்டறை முன்னால் லொறிக்காரர்கள்கூட இறங்கி வந்து நின்றார்கள். பேஸ் அவருடைய மடியில் வந்து பொருந்தியது. வலது முன்கை தொட்டிலுக்குள் போனது. இடது கை விரல்கள் வால்வுகளுக்கு மேலே அமர்ந்தன. அவர் மூச்சை இழுத்து ஊதினார்.

சத்தம் வரவில்லை. ஓட்டைச் சைக்கிள் டியூப் மாதிரி ஒரு இரைச்சல் மட்டும் வந்தது. இன்னொருமுறை ஊதினார். அதே இரைச்சல். லொறிக்காரர் ஒருவர், "பம்புக்குக் குடுத்தா நல்லா வேலை செய்யும்" என்றார். சிரிப்பு எழும்பியது. உதயரூபன் வாத்தியத்தைப் பெட்டிமேல் வைத்துவிட்டு எழும்பினார்.

"குழாயில பிழையில்ல காக்கா. எனக்கிட்டத்தான் மூச்சு இல்ல. கையோட அதுவும் போயிட்டு."

அவர் பஸ் ஹோல்ட்டை நோக்கி நடந்துவிட்டார். வதனி பின்னால் போகவில்லை. அவருடைய மூச்சு போகவில்லை என்று அவளுக்குத் தெரியும். அவள் அதை வருஷக்கணக்காகக் கேட்டவள்.

ஹமீட்டும் நம்பவில்லை. வால்வுகளைக் கழற்றிவிட்டு ஒரு பெயாரிங் குண்டைக் குழாய்க்குள் விட்டுச் சாய்த்தார். குண்டு உருண்டு உருண்டு போய், பெரிய வளைவில் நின்றது. போனில் இராசதுரையைக் கூப்பிட்டுக் குங்கிலியத்தை எப்படிக் காய்ச்சியது என்று கேட்டார். அண்ணன் பெருமையோடு சொன்னார்: "தோணிக்குக் காய்ச்சுற மாதிரித்தான். எண்ணெய் விட்டு நல்லாப் பதமாக் காய்ச்சினன். வாவிக்குள்ள ஒரு மாரி முழுக்கக் கெடந்தாலும் ஒட்டினது விடாது, பயப்படாதீங்க."

ஹமீட் போனை வைத்துவிட்டு நெற்றியில் அடித்துக்கொண்டார். வெறும் குங்கிலியமென்றால் இறுகி, உருகி, சுத்தமாக வெளியே வந்திருக்கும். இது பலகை இடுக்கில் பிடித்த மாதிரி வளைவுகளுக்குள் பிடித்துக்கொண்டிருந்தது. முன்பு உருக்கி எடுத்தபோது அரைவாசிதான் வந்திருக்கிறது. இனி நெருப்புக் காட்டினால் ஈயம் இளகி ஒட்டெல்லாம் கழன்று விழும். வெயிலில் வைத்தால் அதற்குச் சூடு போதாது. எல்லாவற்றையும் பிரித்துத் திரும்பத் தொடங்க வேண்டும் என்றார். திரும்பத் தொடங்கினால் அந்த மனிசன் இன்னொருமுறை வந்து பெட்டிமேல் இருப்பாரா என்று அவளுக்குச் சந்தேகம்.

வதனி பட்டறைக் கப்புத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கேட்காமல் பேசிப் பழக்கமில்லாதவள்.

"காக்கா, அவிச்சா என்ன?"

"என்னத்த?"

"நெல் மாதிரி. ஆவியில."

ஹமீட் அவளையும் வாத்தியத்தையும் மாறி மாறிப் பார்த்தார். ஆவிக்கு ஈயம் இளகாது. குங்கிலியம் இளகும். டூபாவைத் தூக்கிக்கொண்டு போய்த் தன் வான் வண்டியில் வைத்தார்.

அன்று பின்னேரமே தேற்றாத்தீவில் பீப்பாயின் அடியில் தண்ணீர் விட்டு, மேலே தடி குறுக்கே போட்டு, டூபாவைத் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டு, சாக்குப் போட்டு மூடினார்கள். அடுப்பை வதனிதான் எரித்தாள். எந்த நெருப்பில் நெல் வெடிக்கும், எதில் பதமாக அவியும் என்று அவளுக்குத் தெரியும். கொஞ்ச நேரத்தில் சாக்குக்குள்ளால் ஆவி எழும்பியது. அதோடு குங்கிலிய வாசமும் எழும்பியது. கோயில் பூசை நேரத்து வாசம் வேலி தாண்டிப் போனது, அடுத்த வீட்டுப் பிரஷாந்தி, "என்னக்கா, வெள்ளிக்கிழமையும் இல்ல, ஆருக்குப் பூசை?" என்று எட்டிப் பார்த்தாள். சாக்கை விலக்கியபோது தேன் மாதிரி மண்ணிறத்தில் குங்கிலியம் சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது. ஹமீட் துணி சுற்றிக் கம்பியால் துடைத்துத் துடைத்து எடுத்தார். குண்டை விட்டுப் பார்த்தார். ஒரு நுனியில் விட்டது மறு நுனியால் வந்து அவருடைய உள்ளங்கையில் விழுந்தது.

உதயரூபன் வீட்டுக்குள்ளேதான் இருந்தார். ஹமீட் வாசலில் நின்று கூப்பிட்டார்.

"தம்பி, அவிச்சாச்சு. ருசி பாக்கிறது உங்கட வேலை."

கூப்பிட்டு வெகுநேரம் கழித்து உதயரூபன் வந்தார். சூடு தணிந்த பித்தளையை மடியில் ஏற்றினார். ஏற்றுவதற்கு முன், வதனிக்குக் கேட்கும்படி, உதடுகள் ஒட்டி நடுங்கின. ப்ர்ர்ர்.

பிறகு ஊதினார்.

முதலில் கோழிகள் சிதறி ஓடின. சுளகில் கிடந்த அரிசி அசைந்து ஒரு ஓரத்துக்கு ஒதுங்கியது. பீப்பாயின் தகரம் கூடவே முனகியது. வதனி வெறுங்காலோடு சாம்பலில் நின்றாள். நிலத்துக்குக் கீழே இருந்து யாரோ எழும்பி வருகிற மாதிரி அந்தச் சத்தம் உள்ளங்காலால் ஏறி, முழங்காலால் ஏறி, நெஞ்சுக்கு வந்து நின்றது. ஹமீட் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "அல்லாஹ்" என்று மெதுவாகச் சொன்னார். தான் வளைத்த குழாயை அவர் தெரியாத ஒன்றைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். ஒரே சுரம்தான். மூச்சு முடிகிற வரைக்கும் ஊதிவிட்டு உதயரூபன் நிறுத்தினார். அவர் மறுபடியும் மூச்சை இழுத்தார்.

இடது கை விரல்களுக்குப் பழைய பாட்டுகளைப் பழக்க ஒரு நெல் போகம் முழுக்க எடுத்தது. இப்போது ஊர்ப் பாண்டில் இரண்டு பேஸ். வலப்பக்கம் சதீசன், இடப்பக்கம் உதயரூபன். மழைநாளில் மூன்றாம் வால்வு கொஞ்சம் இறுகும். வெயிலில் நெடுநேரம் நடந்தால் குழாயிலிருந்து குங்கிலியம் மணக்கும். டூபா பழைய சேலை போர்த்தி, நெல் மூட்டைகளுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதைத் தூக்குவதற்கு முன்னாலும் அவர் உதடுகளை நடுங்கவிடுகிறார்.