வெடிக்காத தலை தீபாவளி

எழுபதுகளின் பிற்பகுதியில் எனக்குத் திருமணம் ஆயிற்று. அப்போது உத்திரமேரூரில் ஓர் அலுவலகத்தில் எழுத்தராக இருந்தேன். மனைவியின் ஊர் அங்கிருந்து பஸ் மாறிப் போக வேண்டிய சிற்றூர். ஊரை ஒட்டி ஏரி. ஐப்பசி பிறந்தால் ஏரிக்குள் நிற்கும் மரங்களில் நாரைகளும் கூழைக்கடாக்களும் வந்து கூடு கட்டும். அதற்கு மேல் அந்த ஊரைப் பற்றி எனக்குத் தெரியாது.

எங்கள் வீட்டில் பறவை என்றால் குழம்பு. செவ்வாய்க்கிழமைகளில் வலைக்காரர் கொக்கு கொண்டுவருவார், அம்மா இரண்டு வாங்குவார். புதிதாக வந்த மனைவி அன்றெல்லாம் மோர் ஊற்றிச் சாப்பிட்டு எழுந்துவிடுவாள். ருசி பிடிக்கவில்லை போலும் என்று நினைத்தேன். கேட்கவில்லை.

தலை தீபாவளிக்கு மாமனார் வீடு. வெறுங்கையோடு போகக் கூடாதென்று ஒரு துணிப்பை நிறைய லட்சுமி வெடியும் சரவெடியும் வாங்கிக்கொண்டேன். இரண்டாவது பஸ்ஸில்தான் மனைவி பையைத் தொட்டுப் பார்த்தாள்.

"இன்னாங்க இது?"

"வெடி."

"எங்க ஊர்ல வெடிக்கமாட்டாங்க. ஏரியில பட்சிங்க கீது."

"தலை தீபாவளிக்குமா?"

"எந்த தீபாவளிக்கும்."

நான் சிரித்தேன். மாப்பிள்ளைக்குப் பட்டாசு வாங்கித் தராமல் இருக்க மாமனார் கண்டுபிடித்த வழி என்றுகூட நினைத்தேன். நானே கொண்டுபோய் வெடித்தால் யார் மறுக்கப் போகிறார்கள்?

யாரும் மறுக்கவில்லை. அதுதான் சங்கடமாகப் போயிற்று.

காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்து, புது வேட்டி கட்டி, வாசலில் ஒரு லட்சுமி வெடியை நிறுத்தி வைத்தேன். பக்கத்து வீட்டு அத்தை வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தார்.

"இன்னா மாப்ள, ஏரிக்கு விருந்தாளிங்க வந்துகீறாங்கன்னு வெடி போட்டு வரவேக்கிறீங்களா? நல்லா கீது உங்க ஊரு மரியாத!"

உள்ளே மாமியார் வடைச் சட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல், யாருக்கும் சொல்லாததுபோலச் சொன்னார்: "அதுங்க எச்சம் வுயுந்த தண்ணிதான் நம்ம வயலுக்குப் பாயுது. அதுங்க பறந்து பூட்டா, மூட்ட மூட்டயா உரந்தான் வாங்கணும்."

மாமனார் உள்ளே போனார். பற்றவைத்த ஊதுவத்தியோடு திரும்பி வந்து, "இந்தாங்க மாப்ள," என்று நீட்டினார். வத்தியின் நுனி ஆடிக்கொண்டிருந்தது. காற்று இல்லை.

"நீங்க வெடிச்சிருக்கீங்களா மாமா?"

"இல்ல மாப்ள. எங்க நைனாவும் வெடிச்சது இல்ல. நீங்க வெடிங்க. உங்களுக்குத் தல தீபாவளி ஆச்சே."

ஈரத் தலைமுடியைத் துண்டால் சுற்றியபடி மனைவி வெளியே வந்தாள். "நைனா, அந்த வத்திய கீய போடு." என் முன்னால் அவள் குரல் உயர்ந்தது அதுதான் முதல் முறை.

"கம்முனு இரும்மா. மாப்ள ஆசப்பட்டு எடுத்தாந்துகீறாரு."

"அதுங்க மட்டும் இன்னாத்துக்கு வந்துகீது? முட்ட வைக்க தாய் வூட்டுக்கு வந்துகீது. நாளிக்கி நான் பிரசவத்துக்கு வந்தா, வாசல்ல வெடி வெச்சித் தொரத்துவியா?"

மாமனார் நீட்டிய கையைத் தாழ்த்தவே இல்லை. வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வீம்புக்காவது வெடித்திருப்பேன். வத்தியை வாங்கினேன். உள்ளே போய், சாமி படத்தின் முன்னால் இருந்த வாழைப்பழத்தில் செருகிவிட்டு வந்தேன். மாமனார் படியில் உட்கார்ந்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். "காப்பி குடிக்கிறீங்களா மாப்ள?" என்றார். குடிக்கிறேன் என்றேன். காதில் விழாததுபோல் மறுபடியும் அதையே கேட்டார்.

அன்றைய டைரியில் எல்லாவற்றையும் எழுதினேன். அத்தைக்கு அவை விருந்தாளிகள். மாமியாருக்கு உரம். மனைவிக்குப் பிள்ளைத்தாய்ச்சிகள். எனக்கு அப்படி எதுவும் தோன்றவில்லை. அந்த நாரைகளை அதுவரை நான் பார்த்ததுகூட இல்லை. ஒரு பெரிய மனிதரின் கை நடுங்கியதைப் பார்த்தேன், அவ்வளவுதான். அதையும் எழுதினேன்.

திரும்பி வரும் பஸ்ஸில் மனைவியிடம் உள்ளதைச் சொல்லிவிட்டேன். "பறவைக்காக நிறுத்தல. உங்கப்பாவுக்காகத்தான்."

கோபித்துக்கொள்வாள் என்று எதிர்பார்த்தேன். அவள் நகர்ந்து ஜன்னல் பக்கம் எனக்கு இடம் விட்டாள்.

"இருக்கட்டும். நாரைக்கு அதெல்லாம் தெரியவா போவுது?" என்றாள்.