மூன்றாம் வருடத்து மேடு

மேல்பட்டாம்பாக்கத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊராட்சி. போன தேர்தலுக்குப் பிறகு அங்கே நான்தான் துணைத்தலைவராக இருந்தேன். படிப்பு நாலாங்கிளாஸ். அதிலும் பாதி, வாத்தியாருக்கு டீ வாங்கப் போனதிலேயே போய்விட்டது.

மூன்றாம் வருடம், சிதம்பரத்தில் அரசியல் ஆராய்ச்சி செய்யும் ஒரு பெண் வந்தார். துணைத்தலைவர்கள் எத்தனை நாள் பதவியில் தாக்குப்பிடிக்கிறார்கள் என்பதுதான் ஆராய்ச்சியாம். லேப்டாப்பில் ஒரு கோடு காட்டினார். நடுவில் மேடு மாதிரி எழும்பி நின்றது.

"பதவி போற ஆபத்துண்ணே. மூணாவது வருஷந்தான் ஜாஸ்தி."

அதற்கப்புறமும் ஏதோ சொன்னார். எனக்குக் காது அடைத்துவிட்டது.

அன்றிலிருந்து எல்லோர் மேலும் சந்தேகம். வார்டு உறுப்பினர்கள் சேர்ந்து நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்தால் நான் வீட்டுக்கு. யாராவது கொட்டாவி விட்டால்கூட எனக்கு எதிராக விடுவதாகத் தோன்றியது.

ஒரு திங்கட்கிழமை மூன்று உறுப்பினர்கள் கடலூர் பஸ் ஏறினார்கள். அதில் ஒருவன் என் மனைவியின் தம்பி. ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வண்டியில் பின்னாலேயே போனேன். கலெக்டர் ஆபீசில் இறங்கினார்கள். கையில் காகிதம். என்னை இறக்கத்தான் என்று முடிவே கட்டிவிட்டேன். ஓடிப்போய்ப் பிடுங்கிவிட்டேன்.

சுடுகாட்டுப் பாதை கேட்டு மனு. முதல் கையெழுத்தே என்னுடையது.

"யோவ் மாமா, எங்கள வேவு பாக்கவா வந்த?"

"இல்ல மச்சான், சும்மா இந்தப் பக்கம்..."

"ஹெல்மெட்டக் கழட்டிட்டுப் பொய் சொல்லு."

அவனோடு வந்த உறுப்பினர் அக்கா சிரிக்கவில்லை. "இதுவரைக்கும் உன்ன எறக்கணும்னு நெனச்சதே இல்ல தம்பி. இப்பதான் நெனக்கிறோம்."

மறுநாளே சிதம்பரம் ஓடினேன். ஆராய்ச்சிப் பெண் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"அது பல ஊரச் சேத்துப் பாத்ததுண்ணே, உங்க ஜாதகம் இல்ல. மூணாவது வருஷத்துல விழுந்தவங்க மத்த வருஷத்தவிட ஜாஸ்தி, அவ்ளோதான். அப்பவும் முக்காவாசிப் பேரு தாண்டிட்டாங்க. இதத்தான் அன்னிக்கே சொன்னேன்."

"என்னப் பத்தி என்னம்மா எழுதியிருக்க?"

"இன்னிவரைக்கும் விழல. அதுக்குமேல எனக்குத் தெரியாது."

அன்று மாலையே மூன்று வீட்டுக்கும் போய் மன்னிப்புக் கேட்டேன். அந்த அக்கா ஒரு வாரம் என்னை வாசலோடு திருப்பி அனுப்பினார். அப்புறம்தான் மனம் இறங்கினார். பதவிக்காலம் முழுசாக முடிந்தது.

கோட்டில் இருந்த மேட்டை என் ஊருக்குள் இழுத்துவந்தவன் நானேதான். இப்போதெல்லாம் யாராவது கணக்குக் காட்டிப் பயமுறுத்தினால், கடைசிவரை கேட்டுவிட்டுத்தான் நடுங்குகிறேன்.