பக்கத்து வீட்டு முழங்கால்

போன வியாழக்கிழமை ஒரு படித்த பெண்ணை அழவைத்துவிடப் பார்த்தேன். என்னைத் தெரிந்தவர்கள் நம்ப மாட்டீர்கள் — ஆள் வந்தால் கதவுக்குப் பின்னால் நிற்கிறவள் நான்!

தேவகோட்டைப் பெண். நாள்பட்ட மூட்டுவலியைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாள். காரைக்குடியில் எங்கள் தெருவில் மட்டும் பதினாறு முழங்கால்காரிகள் கிடைத்தோம். அவளுக்குக் கொண்டாட்டம். சீட்டுக் குலுக்கி இரண்டு கூட்டமாகப் பிரித்தாள். ஒரு கூட்டத்துக்கு நாற்காலிப் பயிற்சி. இன்னொன்றுக்கு, வலியைப் பற்றி அச்சடித்த தாள் மட்டும். ஆறு வாரம் கழித்து யாருக்கு வலி குறைந்திருக்கிறது என்று பார்ப்பாளாம்.

எனக்குப் பயிற்சி விழுந்தது. பக்கத்து வீட்டுச் சிகப்பி ஆச்சிக்குத் தாள்.

"தாள் வாங்குனவுகளுக்கு இதைச் சொல்லிராதீக ஆச்சி. ஆராய்ச்சி கெட்டுப்போகும்."

தலையாட்டினேன்.

நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டி, பத்து எண்ணி இறக்க வேண்டும். அவ்வளவுதான். இரண்டு வாரத்தில் சுவரைப் பிடிக்காமல் எழுந்துவிட்டேன்! கொல்லைச் சுவருக்கு அந்தப் பக்கம் சிகப்பி ஆச்சி, "முருகா..." என்று முனகிக்கொண்டே வாளி தூக்குகிறார். குழம்பு வைத்தாலே ஒரு கிண்ணம் அந்தப் பக்கம் போகிற வீடு இது. இதை மட்டும் எப்படி ஒளித்துவைப்பது?

வியாழக்கிழமை வந்து எல்லாரையும் கேட்டு முடித்தவளுக்கு முகம் வாடிவிட்டது.

"ரெண்டு கூட்டத்துக்கும் ஒரே மாதிரி குறைஞ்சிருக்கு ஆச்சி. அப்ப என் பயிற்சியால பலனே இல்லைன்னுதான் எழுதணும். ரெண்டு வருச உழைப்பு..."

சொல்லலாமா? பக்கத்தில் உட்கார்ந்திருந்த சிகப்பி ஆச்சி என் இடுப்பில் கிள்ளினார்.

"வாயைத் தொறடி. பிள்ளை அழப்போகுது!"

"நான் சொல்லலத்தா," என்றேன், தரையைப் பார்த்துக்கொண்டு. "செஞ்சு காட்டுனேன்."

"யாருக்கு?"

"இந்த ஆச்சிக்கு மட்டுந்தான்."

"நான் எங்க கூட்டத்துல மத்த ஏழு பேருக்கும் காட்டுனேன்," என்றார் சிகப்பி ஆச்சி, பெருமையாக. "தாளைப் படிச்சா காலு நிமிருமாக்கும்?"

பெண் தலையில் கைவைத்தாள். பிறகு விழுந்து விழுந்து சிரித்தாள். பயிற்சி பலித்திருக்கிறதே! ஆனாலும் ஒப்பிட ஆள் இல்லாமல் கல்லூரியில் ஒத்துக்கொள்ள மாட்டார்களாம். நடந்ததை நடந்தபடி எழுதிவிட்டு, வேறு ஊரில் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

"ஆத்தங்குடியில ஆரம்பிக்கிறேன். அங்க வந்துற மாட்டீகல்ல?"

"வர மாட்டேன்த்தா."

உண்மைதான். போகவே இல்லை. அங்கே இருக்கிற என் நாத்தனாருக்கு வீடியோ காலில் காட்டியே மூன்று வாரமாகிறது...

நேரில் சொல்லக் கூச்சம். அதனால்தான் இங்கே எழுதுகிறேன். அம்மாடி, இதைப் படித்தால் வேறு ஊர் பார் — இந்தப் பத்திரிகை போகாத ஊராக!