ஃபேமிலிக்கு வேன், ஜெசிந்தாக்காவுக்கு சைக்கிள்

ஜெசிந்தாக்கா இறந்துவிட்டார். இன்று காலை, நெஞ்சுவலி... ஆஸ்பத்திரி வாசல் வரைகூடத் தாங்கவில்லை.

அவர் வீட்டிலிருந்து இப்போதுதான் திரும்பினேன். வயிறு எரிகிறது, அதனால் எழுதுகிறேன். அழுகை அப்புறம் வரட்டும்.

நெய்வேலியில் நாங்கள் இருவரும் ஒரே ஸ்கூல். அவர் கணக்கு டீச்சர், நான் ஆபீஸ் கிளார்க். அவர் வீட்டுக்காரர் மைன்ஸில் ஃபோர்மேன், என் வீட்டுக்காரரும் அதே ஷிப்ட்.

அக்கா தினமும் சைக்கிளில்தான் வருவார். கல்யாணத்துக்கு முன்னால் குறிஞ்சிப்பாடியில் ஓட்டிய அதே லேடீஸ் சைக்கிள். கொசுவத்தில் ஒரு ஊக்கு, ஹேண்டில் பாரில் டிபன் பை... அவ்வளவுதான் ஏற்பாடு.

ஒருநாள் டீக்கடையில் நின்ற ஒருத்தன் ஏதோ சொல்லிவிட்டான். அக்கா காலை ஊன்றி நின்று, "செயின் கழண்டிருந்தா சொல்லுப்பா. வேற எது சொன்னாலும் எறங்கி வந்துருவேன்" என்றார். அதற்கப்புறம் அவனை அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

ஸ்போர்ட்ஸ் டே அன்று டீச்சர்களுக்கு ஸ்லோ சைக்கிள் ரேஸ் வைப்பார்கள். மற்றவர்கள் எல்லாம் தடுமாறிக் காலை ஊன்றிவிடுவார்கள், அக்கா மட்டும் கடைசியில் தனியாக, நின்ற இடத்திலேயே நிற்பது மாதிரி வந்துகொண்டிருப்பார். வருஷா வருஷம் எவர்சில்வர் டப்பா அவருக்குத்தான்.

அந்த மலை டூர்... நாலைந்து வருஷம் இருக்கும். ரயிலை நிறுத்திவிட்டுத் தண்டவாளத்தைப் பிடுங்கி, மலைமேல் சைக்கிள் பாதை போட்டிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு ஷிப்ட் ஆட்கள் கிளம்பினார்கள். வாட்ஸ்அப்பில் மெசேஜ் வந்தது: "சைக்கிள் டூர், வித் ஃபேமிலி."

வெளியூர் நண்பர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் டவுன்ஷிப்பில் ஃபேமிலி என்றால் குடும்பம் இல்லை, பெண்டாட்டி. "ஃபேமிலி ஊருக்குப் போயிருக்கு, இன்னிக்கு மெஸ் சாப்பாடுதான்" என்பார்கள்.

இத்தனை வருஷம் இங்கே இருந்தும் அக்கா அன்றைக்கு அதை இங்கிலீஷாகவே படித்துவிட்டார். எல்லோருக்கும் சைக்கிள் என்று நினைத்துக் கிளம்பி வந்துவிட்டார், பாவம்.

அடிவாரத்தில் பார்த்தால் வாடகை சைக்கிள் ஆம்பளைகளுக்கும் பையன்களுக்கும் மட்டும். ஃபேமிலி எல்லாம் புளிசாத டப்பாவோடு வேனில் ஏறி, ரோடு வழியாக மேலே போய்க் காத்திருக்க வேண்டுமாம்.

"சைக்கிள் டூர்னுதானேங்க போட்டிருந்தீங்க? வேன் டூர்னு போட்டிருந்தா நான் வூட்லயே இருந்திருப்பனே" என்றார் அக்கா.

"எல்லாரும் பாத்துக்கினு இருக்காங்க. ஏறு" என்றார் வீட்டுக்காரர், பல்லைக் கடித்துக்கொண்டு. முன்னால் மிதித்துப் போயும்விட்டார்.

நல்லவேளை, முதல் வளைவிலேயே ஒரு குண்டு சாருக்கு மூச்சு வாங்கியது. அவர் சைக்கிளை உருட்டிக்கொண்டு திரும்பி வந்து, இன்னும் கிளம்பாத வேனில் ஏற, அக்கா இறங்கி அந்த சைக்கிளை வாங்கிக்கொண்டார். ஊக்கைக் குத்தினார், ஒரே மிதி... ஆளைக் காணோம்.

வேனில் ஒரு பொண்ணு மலையைப் பார்த்துவிட்டு, "ஆன்ட்டி, இது எந்த மைன்ஸ் மண்ணு?" என்று கேட்டது. சிரிக்காதீர்கள், நிலக்கரிக்காகத் தோண்டிக் கொட்டிய மண்மேட்டைத் தவிர எங்கள் பிள்ளைகள் வேறு மலை பார்த்ததில்லை.

மேலே பழைய ஸ்டேஷனில் நாங்கள் டப்பாவைப் பிரிக்கும்போது முதல் ஆளாக வந்தது அக்காதான். முகமெல்லாம் வேர்வை, புடவை ஓரத்தில் கிரீஸ்.

"டனலுக்குள்ள யாருமே இல்லடி. ஜெசிந்தா, ஜெசிந்தான்னு கத்திக்கினே வந்தேன். பாலத்துல பாத்தா மேகம் கீழ போவுது!" சொல்லும்போதே மூச்சிரைத்தது, ஆனால் உட்காரவில்லை.

அப்புறம்தான் ஆம்பளைகள் வந்து சேர்ந்தார்கள். "என்ன ஃபோர்மேன், ஃபேமிலி ஓவர்டேக் பண்ணிடுச்சே!" என்று ஒருவர் ஆரம்பிக்க, எல்லோரும் சிரித்தார்கள். ஃபோர்மேனும் சிரித்தார்.

ஊர் வந்து சேரும்வரை அக்காவோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த வாரமே அக்காவின் சைக்கிள் மந்தாரக்குப்பம் பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டது.

அதற்கப்புறம் அக்காவுக்கு ஸ்கூட்டர் பின்சீட்தான். சாயங்காலம் அவர் வந்து ஏற்றிக்கொள்ளும்வரை, பேப்பர் கட்டை இடுப்பில் வைத்துக்கொண்டு ஸ்கூல் கேட்டிலேயே நிற்பார்.

"வேற சைக்கிள் வாங்குங்கக்கா" என்றேன் ஒருநாள். "வாங்க எனக்குச் சம்பளம் பத்தாதாடி? வாங்கி எந்த வூட்ல நிறுத்தறது?" என்றார்.

அந்த வருஷம் ஸ்லோ சைக்கிள் ரேஸுக்கு ஒரு டீச்சர் தன் வண்டியைக் கொண்டுவந்து நீட்டினார். "வேணாம்மா, யாராவது போய்ச் சொல்லிடுவாங்க" என்று அக்கா நாற்காலியை விட்டு எழவே இல்லை. வேறு யாரோ ஜெயித்தார்கள்... யார் என்றுகூட நினைவில்லை.

இன்றைக்கு எங்கள் பிளாக் முனையில் கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸ் கட்டியிருக்கிறார்கள். எந்த போட்டோ தெரியுமா? அன்றைக்கு மலைமேல் எடுத்தது, சைக்கிளோடு அக்கா வாயெல்லாம் பல்லாகச் சிரிக்கிறாரே, அது.

உள்ளே வீட்டுக்காரர் வருகிறவர்களிடம் எல்லாம் அழுதுகொண்டே சொல்கிறார், "சைக்கிள்னா அவளுக்கு உசுருங்க. மலைக்கே இட்டுக்கினு போயி ஓட்ட வெச்சேன்." ஷிப்ட் ஆட்கள் தலையாட்டுகிறார்கள்.

என்னால் பொறுக்க முடியவில்லை. சாவு வீடு என்றும் பார்க்காமல் கேட்டுவிட்டேன்: "அப்புறம் ஏன் சார் அவங்க சைக்கிளை இரும்புக் கடைக்குப் போட்டீங்க?"

என் வீட்டுக்காரர் என் கையைப் பிடித்து இழுத்தார். ஃபோர்மேன் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் கோபமே இல்லை.

"எந்த சைக்கிள்மா?" என்றார்.

நடிக்கவில்லை. நிஜமாகவே அந்த மனுஷனுக்கு ஞாபகம் இல்லை.

நாளை காலை அடக்கம்... போய் வாங்க ஜெசிந்தாக்கா.