பூங்கோதை பார்த்த தண்ணீர்

விருத்தாசலம் பீங்கான் கம்பெனிகளில் ஒன்றில், மேசை மேல் வைக்கிற அருவிப் பொம்மைக்குப் பத்தொன்பது வருசமாகத் தண்ணீர் வரைகிறவள் பூங்கோதை. நீலத் தண்ணீர். அருவியை அவள் நேரில் பார்த்ததில்லை. அது அவளுக்கு ஒரு குறையாகவும் தோன்றியதில்லை.

போன வருசம் வேலைக்கு வந்த வளர்மதிதான் வாயை விட்டாள்.

"அக்கா, அருவி வெள்ளையா இருக்கும்க்கா. போன்ல பாருங்க."

"போன்ல என் மூஞ்சிகூடத்தான் வெள்ளையா இருக்குது."

சண்டை முதலாளி ஜெயராஜ் வரைக்கும் போயிற்று. புதிதாகப் பெரிய அருவிப் பொம்மை ஒன்றுக்கு அச்சு வந்திருந்த நேரம். அதற்கு முதல் மாதிரியை வரைகிறவள் கைதான் இனி அந்த வேலைக்கு மேல்கை. அவர் சிரித்துக்கொண்டே, "ஆயுத பூஜை டூருக்குக் கொல்லிமலைதான போறோம்? அருவி வரைக்கும் எறங்கிப் பாத்தவங்க பேச்சுதான் செல்லும். அவங்களே வரையட்டும்" என்றார்.

பூங்கோதைக்கு வலது முழங்கால் மடக்கினால் நீளாது, நீட்டினால் மடங்காது. ஊரே அறிந்த கால். மலைமேல் கோயில் வாசலில் வேன் நின்றதும் வளர்மதி கரிசனமாகச் சொன்னாள்:

"ஆயிரத்துச் சொச்சம் படிக்கா. செங்குத்தா இருக்குது. நீங்க கோயில்லயே உக்காந்திருங்க. நான் பாத்துட்டு வந்து சொல்றேன்."

"நீ சொல்லுவ" என்றாள் பூங்கோதை. செருப்பைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டாள்.

வளர்மதி குதித்துக் குதித்து இறங்கினாள். வளைவுக்கு வளைவு செல்ஃபி. பூங்கோதையோ தூரிகை பிடிப்பதற்கு முன்னால் எட்டு வருசம் இன்னும் சுடாத பச்சைமண் பொம்மைகளைப் பலகையில் அடுக்கித் தோளில் வைத்துச் சூளைக்குக் கொண்டுபோனவள். லேசாக உலுக்கினாலும் பொம்மை மூக்கு போய்விடும். அந்த நடையைத்தான் இப்போதும் எடுத்தாள். பக்கவாட்டில் ஒரு காலை ஊன்றி, மற்றதை அதன் பக்கத்தில் சேர்த்து, தோளில் இல்லாத பலகையைத் தாங்கியபடியே இறங்கினாள். இரண்டு பக்கமும் மலைச்சுவர் நெருங்கி வந்தது. எதிரே மூச்சு வாங்க ஏறி வந்தவர்கள் அவளுக்கு வழி விட்டார்கள்.

அறுநூறாவது படி வாக்கில் வளர்மதி உட்கார்ந்திருந்தாள். தொடை இரண்டும் வெடவெடவென்று ஆடின.

"அக்கா, காலு நிக்க மாட்டேங்குதுக்கா."

"செல்ஃபி எடு, நிக்கும்."

தன் தண்ணீர்ப் பாட்டிலை அவள் மடியில் வைத்துவிட்டுப் பூங்கோதை இறங்கினாள்.

கடைசி வளைவு திரும்பியதும் முகத்தில் சாரல் அடித்தது. அருவி அண்ணாந்தால் கழுத்து வலிக்கிற உயரத்திலிருந்து விழுந்தது. வெள்ளை. பாலைக் கவிழ்த்த மாதிரி வெள்ளை. அவள் இந்தப் பக்கம் நின்று பார்த்தாள், அந்தப் பக்கம் போய்ப் பார்த்தாள், கையில் ஏந்திக்கூடப் பார்த்தாள். ஒரு பொட்டு நீலம் இல்லை. பத்தொன்பது வருசப் பொம்மைகள் எந்தெந்த வீட்டு ஷோகேஸில் இருக்கின்றனவோ என்று நினைத்தபோது கூச்சமாக இருந்தது. ஆனாலும் வெகுநேரம் அங்கேயே நின்றாள்.

திரும்பி ஏறி வந்தபோது வளர்மதி அதே படியில் இருந்தாள்.

"என்னா நெறம்க்கா?"

கம்பெனியில் பூசுகிற நீலம் சுடுவதற்கு முன்னால் சாம்பல் பூத்த ஊதாவாகத்தான் தெரியும். சூளையில் வெந்தால்தான் நீலம்.

"இன்னும் சுடலடி" என்றாள் பூங்கோதை. "சுட்டாத்தான் தெரியும். எந்திரி, என் தோளப் புடிச்சிக்க."

திங்கட்கிழமை மாதிரியை அவளே வரைந்தாள். யாரும் எட்டிப் பார்க்காதபடி முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். சூளை ஆறிப் பிரித்தபோது, கருநீலப் பாறைகளுக்கு நடுவே தண்ணீர் வெறும் வெள்ளைப் பளபளப்பாக இறங்கியது. அங்கே தூரிகையே படவில்லை.

"அக்கா, சுட்டும் நீலமாவலியே!" என்றாள் வளர்மதி.

"சூடு பத்தல."

ஜெயராஜ் பொம்மையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்ப வளர்மதி சொன்னதுதான் சரியா?"

பூங்கோதை தூரிகையை அலசி, தன் இடத்திலேயே வைத்தாள்.

"அவ எங்கங்க பாத்தா? நாந்தான் பாத்தேன்."