குதிரைத் தாத்தா தந்த திருநீறு

நாலைந்து வருடம் இருக்கும். ஒரு கார்த்திகை மாதம். குற்றாலத்தில் வெள்ளம், அருவியில் குளிக்கத் தடை என்று தினமும் டிவியில் காட்டிக்கொண்டிருந்தார்கள். தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற வழியில் இருந்த எங்கள் பழைய வீட்டில் அப்போது அப்பா, அம்மா, மகள் நான் என்று மூவர்தான். நான் பஜாரில் சின்னதாக ஒரு ஜெராக்ஸ் கடை நடத்துகிறேன். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து இரண்டாவது வருடம். பேச்சு போய்விட்டது. இடது கை மட்டும்தான் அசையும்.

அப்பாவின் கட்டில் கூடத்தில் சுவரோரமாகக் கிடந்தது. அதற்கு நேர் மேலே, எங்கள் குடும்பத்தின் பெருமையான அந்தப் படம். வெள்ளைக்காரன் காலத்துப் போட்டோ. குதிரைப்படை அதிகாரிகள் இடுப்பில் வாளோடு வரிசையாகக் குதிரை மேல் உட்கார்ந்திருப்பார்கள். எல்லாரும் துரைமார். ஓரத்தில் மட்டும் தலைப்பாகையும் முறுக்கு மீசையுமாக ஒரே ஒரு இந்தியர். அவர்தான் அப்பா வழியில் எங்கள் மூதாதை, குதிரைத் தாத்தா. கல்யாணப் பேச்சு எடுத்தால் மாப்பிள்ளை வீட்டாரை முதலில் அந்தப் படத்துக்கு முன்னால்தான் நிறுத்துவார்கள். வெள்ளிக்கிழமைதோறும் கண்ணாடி மேல் தாத்தாவுக்குச் சந்தனம், குங்குமம் வைப்போம். துரைமாருக்குப் பொட்டு கிடையாது. அவர்கள் குதிரைகளுக்கும் கிடையாது. தாத்தா உட்கார்ந்திருக்கிற குதிரைக்கு உண்டு.

ஒரு கட்டுப்பாடும் உண்டு. படத்தைச் சுவரிலிருந்து இறக்கக் கூடாது. ஆடி அமாவாசை அன்று மட்டும், வீட்டு ஆண்பிள்ளை விளக்கேற்றி, தாத்தாவிடம் உத்தரவு கேட்டு இறக்கித் துடைப்பார். அப்பா படுத்த பிறகு அதுவும் நின்றுபோனது. பொம்பளைகள் இறக்கினால் ஆகாதாம். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் அம்மாவோடு யார் மல்லுக்கட்டுவது?

அந்த மழையில் படம் சரிய ஆரம்பித்தது. அம்மா ஒட்டடைக் கம்பால் நேராக்குவாள். மறுநாள் காலையில் பார்த்தால் தாத்தா மறுபடியும் இடது பக்கம் சாய்ந்திருப்பார்.

"ஏட்டி, தாத்தா கோவமா இருக்காவ. இறக்கித் துடைக்க ஆளில்லாமப் போச்சுல்லா, அதான்" என்றாள் அம்மா.

"குதிரை சண்டித்தனம் பண்ணுதோ என்னமோ" என்று நான் கிண்டல் செய்தேன். கிண்டல் செய்தேனே தவிர, வடை, பாயசத்தோடு அவள் படையல் போட்ட அன்று கொட்டுகிற மழையில் போய் மாலை வாங்கி வந்தது நான்தான்.

படையல் போட்ட மறுநாள் அப்பாவின் போர்வையில் வெள்ளையாகப் பொடி விழுந்து கிடந்தது. அம்மாவுக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது.

"இந்தா பாரு, தாத்தா மனசு எரங்கிட்டாவ! துன்னூறு தாராவ!"

அந்தப் பொடியை வழித்து அப்பாவின் நெற்றியில் பூசினாள். கொஞ்சம் அவர் நாக்கிலும் வைத்தாள். அப்பா தலையை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஆட்டினார். இடது கையைத் தூக்கிச் சுவரைக் காட்டி, "ம்... ம்..." என்றார். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. தாத்தாவைக் கும்பிடுகிறார் என்று அம்மா அவருடைய இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்துக் கும்பிட வைத்தாள். நானும் பார்த்துக்கொண்டு நின்றேன். அடுத்த நாளும் பொடி விழுந்தது. அம்மா ஒரு சிமிழில் அதைச் சேர்த்து வைத்தாள்.

அதற்கடுத்த நாள் மழை கொஞ்சம் விட்டிருந்தது. பழைய சாமான் வாங்குகிற பாய் ஒருவர் வாசலில் வந்து நின்றார். அச்சன்புதூர்க்காரர், ஐம்பது வயசு இருக்கும். கொடுக்க ஒன்றுமில்லை என்று அம்மா சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவர் கண் கூடத்துப் படத்துக்குப் போய்விட்டது. "ஒரு நிமிசம் பாத்துக்கிடுதேன்" என்றபடி உள்ளே வந்தவர், யாரையும் கேட்காமல் சட்டத்தின் அடிப்பக்கத்தைப் பிடித்துச் சுவரிலிருந்து தூக்கினார், பின்பக்கம் பார்ப்பதற்காக.

"தொடாதீய பாய்! தொடாதீய!" அம்மா போட்ட சத்தத்தில் நானே நடுங்கிப்போனேன்.

அவர் கையை எடுக்கவில்லை. இன்னொரு கையால் செல்போன் வெளிச்சத்தைப் படத்துக்குப் பின்னால் அடித்தார். முகம் மாறிவிட்டது.

"அம்மா, என்ன அப்புறமா ஏசிக்கிடுங்க. மொதல்ல அய்யாவ வெளிய தூக்கணும்."

நான் எட்டிப் பார்த்தேன். என் கை உள்ளே போகிற அளவுக்கு, படம் மறைத்திருந்த உயரம் முழுக்கச் சுவர் பிளந்திருந்தது. அந்தப் பக்கத்து வெளிச்சம் தெரிந்தது. ஈரத்தில் ஊறிய மண் சுவர். நாங்கள் திருநீறு என்று அப்பாவின் வாயில் வைத்தது, பிளவிலிருந்து உதிர்ந்த சுண்ணாம்பு.

கட்டில் வாசல் வழியாகப் போகாது. அப்பாவைப் போர்வையோடு சுருட்டி, தலைப்பக்கம் அவரும் கால்பக்கம் நானுமாகத் தூக்கி எதிர்வீட்டு வராந்தாவில் கிடத்தினோம். திரும்பிப் பார்த்தால் அம்மாவைக் காணோம். தாத்தாவை எடுக்க உள்ளே போயிருந்தாள்.

நான் கத்துவதற்குள் பாய் ஓடினார். லாரியிலிருந்து நெல் மூட்டைகளை மொத்தமாகத் தள்ளிவிட்டதுபோல ஒரு சத்தம். புழுதிக்குள்ளிருந்து அம்மா படத்தை நெஞ்சோடு அணைத்தபடி வெளியே வந்து விழுந்தாள். அவளைத் தள்ளிவிட்ட பாயின் வலது கை வாசல் நிலைக்கும் சரிந்த உத்தரத்துக்கும் நடுவே மாட்டிக்கொண்டது. தெருவே கூடித்தான் மரத்தைத் தூக்கியது. கூடத்தில் அப்பாவின் கட்டில் இருந்த இடத்தில் மண் மேடுதான் இருந்தது.

ஆஸ்பத்திரியில் அவருக்கு இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. அம்மா அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று தேம்பித் தேம்பி அழுதாள். அந்தப் படத்தை அவரிடமே நீட்டினாள். "நீங்களே வச்சிக்கிடுங்க பாய்." அவர் கட்டுப்போட்ட கையை மெல்ல அசைத்து, "வேண்டாம்மா. உங்க தாத்தா உங்க வீட்லயே இருக்கட்டும்" என்றார்.

பங்குனியில், வாடகை வீட்டில் அப்பா போய்ச் சேர்ந்தார். காரியமெல்லாம் முடிந்தபின் பாயைப் பார்க்க அச்சன்புதூர் போனேன். வீட்டையொட்டி அவர் சாமான் போட்டு வைத்திருக்கிற ஷெட். பழைய கடிகாரங்களுக்கு நடுவில் எங்கள் குதிரைத் தாத்தா இருந்தார். அதே துரைமார், அதே குதிரைகள், அதே மீசை. பொட்டு மட்டும் இல்லை.

பாய்க்குச் சங்கடமாகப் போய்விட்டது. "இதே படத்த நாலஞ்சு வீட்ல பாத்துட்டேன் தங்கச்சி. எவனோ அந்தக் காலத்துல நெறைய போட்டு வித்திருக்கான். போற வீட்லயெல்லாம் எங்க தாத்தாங்காவ. உங்க வீட்லயும் அதே படந்தானான்னு பின்னால ஸ்டூடியோ பேரு பாக்கத்தான் தூக்குனேன்."

"ஏன் பாய் அன்னைக்கே சொல்லல?"

"சாவுக்குள்ள போயி எடுத்துட்டு வந்தாவளே. அவங்ககிட்ட எப்படிம்மா சொல்ல?"

நானும் இன்றுவரை அம்மாவிடம் சொல்லவில்லை. வாடகை வீட்டுச் சுவரில் படம் தொங்குகிறது. வெள்ளிக்கிழமைதோறும் யாரோ ஒருவருக்கும் அவருடைய குதிரைக்கும் அம்மா பொட்டு வைக்கிறாள். அவள் கும்பிட்டுவிட்டு அடுக்களைக்குப் போனதும் நான் படத்தைத் தூக்கிப் பின்னால் சுவரைப் பார்க்கிறேன். இது கான்கிரீட் வீடு, ஒன்றும் இருக்காது என்று எனக்குத் தெரியும். ஆனாலும், நாக்கில் சுண்ணாம்போடு அந்தச் சுவரையே காட்டிக்கொண்டிருந்த அப்பாவின் இடது கையை நினைத்தால், பார்க்காமல் கடைக்குக் கிளம்ப இன்னும் எனக்குக் கால் வரவில்லை.