தூணில்லாத மச்சு

நேற்று எதிர்வீட்டு ஜன்னல் கம்பிகளுக்குச் சாயம் பூசினார்கள். அந்த எண்ணெய் வாடை வந்ததும் காபியை அப்படியே வைத்துவிட்டு ஆற்றங்கரை வண்ணார்பேட்டைக்குப் போய்விட்டேன். போனது மனசுதான், முழங்கால் எங்கே விடுகிறது?

அங்கே ஒரு பஞ்சுக் கம்பெனியில்தான் முதன்முதலாகக் குமாஸ்தாவானேன். நான் சேர்ந்த வருஷம் கம்பெனி புதுக் கட்டடம் எழுப்பியது. மாடி முழுக்க ஒரே கூடம், நடுவில் ஒரு தூண்கூடக் கிடையாது. தூத்துக்குடியில் கப்பலிலிருந்து இறங்கி மாட்டுவண்டியில் வந்த இரும்பு உத்திரங்கள்தான் எல்லாவற்றையும் தாங்கின. அவற்றுக்குப் பூசிய சாய வாடை மாசக்கணக்கில் போகவில்லை. ஆற்றுப் பக்கம் ஆளுயரக் கண்ணாடி ஜன்னல்கள். தனி அறை கம்பெனியை நடத்திய வெள்ளைக்காரத் துரைக்கும் கிடையாது. அவரும் எங்களோடு கூடத்தில்தான். ஊரே வந்து அண்ணாந்து பார்த்துவிட்டுப் போயிற்று. முதல் வாரம் நான் பாதத்தை முழுசாக ஊன்றாமல்தான் உட்கார்ந்திருந்தேன், என் கனத்தில்தான் இடிந்துவிடப் போகிறதுபோல.

பெரிய குமாஸ்தா ஞானமுத்து அண்ணாச்சியோ மாடிப்படியையே மிதிக்கவில்லை. பாளையங்கோட்டைக்காரர், வெள்ளத்தில் ஆற்றை நீந்திக் கடக்கிறவர். அப்படிப்பட்டவர் ஆற்றோரத்தில் பஞ்சு மூட்டை அடுக்கும் கிட்டங்கியில் மேசையைப் போட்டுக்கொண்டார். "தூணில்லாத மச்சு எதை நம்பி நிக்குது, வே?" என்று என்னிடம் கேட்டார். துரை பொறுத்துப் பார்த்துவிட்டு, திங்கட்கிழமை மேலே வராவிட்டால் வேலை இல்லை என்று சொல்லிவிட்டார். அண்ணாச்சி அசையவில்லை.

அந்தத் திங்கட்கிழமை மத்தியானம் அவர் மனைவி அன்னம்மாள் மதினி தூக்குச்சட்டியோடு வந்தார். வீட்டில் அண்ணாச்சி எதுவும் சொல்லவில்லை போலிருக்கிறது. மதினி பாட்டுக்குப் படியேறி, கூடத்தின் நடுவே நடந்து, ஜன்னலருகே நின்று ஆற்றையும் அக்கரை வயலையும் பார்த்தார். நான் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னேன். கேட்டுவிட்டு ஜன்னலைத் திறந்து, கீழே கிட்டங்கியைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"சோறு இங்கன இருக்கு. பசிச்சா பைய ஏறி வாங்க."

துரைக்குத் தமிழ் அரைகுறை; ஆனாலும் பேனாவை வைத்துவிட்டுக் காத்திருந்தார். வெகுநேரம் கழித்துப் படியில் செருப்புச் சத்தம் கேட்டது. அண்ணாச்சி சுவரைத் தடவிக்கொண்டே வந்து, மனைவி பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார். அப்புறம் கிட்டங்கிக்குத் திரும்பவே இல்லை; மேசைதான் மேலே ஏறியது.

எப்படித் துணிந்தீர்கள் என்று சாயங்காலம் அண்ணாச்சியிடம் கேட்டேன். "அவ மேல நிக்கா. இடிஞ்சா நான் மட்டும் கீழ இருந்து என்ன செய்ய?" என்றார்.

அதற்கப்புறம் நாங்கள் எல்லாருமே அந்த ஜன்னலடியில்தான் சாப்பிடுவோம். மதினியின் கருவாட்டுக் குழம்பு ஆளுக்கு ஒரு கரண்டி கிடைக்கும்.

இருவரும் இப்போது இல்லை. கட்டடம் நிற்கிறதாம். கூடத்தைப் பலகையால் தடுத்து அறை அறையாக்கி, ஆளுக்கொரு கதவு போட்டுவிட்டார்களாம். ஆறு தெரிகிற ஜன்னல்களெல்லாம் மானேஜர் அறைக்குள் போய்விட்டன. மற்றவர்கள் பட்டப்பகலில் விளக்கைப் போட்டுக்கொண்டு வேலை பார்க்கிறார்களாம்.